மலையிலிருந்து நேராக வீட்டுக்கு

எனக்கும் ஒரு வெளிநாட்டுப் பயணம் வாய்த்தது. எங்கள் ஊரிலிருந்து பத்து மைல் தள்ளியிருக்கும் நகரிக்குப் போனேன். சிரிக்க வேண்டாம். அந்த வருஷம்தான் எல்லை பிரித்தார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனது. நாங்கள் துணி எடுக்கவும் வேர்க்கடலை விற்கவும் போய்வந்த நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. அதுவரை கோர்ட்டு, கச்சேரி எல்லாவற்றுக்கும் எங்களுக்குத் தலைநகராக இருந்த சித்தூரும் அந்தப் பக்கமே நின்றுபோனது.

வீட்டைவிட்டு யாரும் அசையாமலே வேறு ராஜ்யத்துக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி அசைந்திருந்தாள். கடைசிப் பெண் கமலா.

பெரியவன் ரயில்வேயில் சேர்ந்து ஜோலார்பேட்டைக்குப் போய்ப் பல வருஷம். நடுவிலவன் பட்டாளத்தில். கமலா வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலேயே ஒரு வருஷம் வேலை பார்த்தாள். தை மாதம் சித்தூருக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் எல்லை பிரிந்தது. எந்தப் பக்கம் வேலை பார்க்க விருப்பம் என்று வாத்தியார்களிடம் எழுதிக் கேட்டார்கள். மெட்ராஸ் பக்கம் என்று எழுதியிருந்தால் திருத்தணிக்கோ பள்ளிப்பட்டுக்கோ வந்து எங்களோடு இருந்திருப்பாள். அவள் சித்தூரிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தால் வாசல்வரைக்கும் போய் அழுது தீர்த்திருப்பேன். இவள் போனது வேலைக்கு. அதற்கு எப்படி அழுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றுதான். பிள்ளைகள் வளர வளர அதை மாட்டுகிற ஆணியை மேலே மேலே அடித்துக்கொண்டு போனார்கள். கடைசியாகக் கமலா உயரத்துக்கு அடித்தது. அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் போன பிறகு தினமும் அந்தக் கண்ணாடியில் என் நெற்றியை மட்டும் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஆணியை இறக்கச் சொல்ல மனசு வரவில்லை.

புரட்டாசி வந்ததும் இன்னொரு சங்கடம். எங்கள் பக்கம் புரட்டாசிச் சனிக்கிழமையில் வீட்டுக்கு வீடு பெருமாளுக்குத் தளிகை போடுவார்கள். வீட்டின் கடைக்குட்டி நாமம் போட்ட சொம்பை எடுத்துக்கொண்டு "கோவிந்தா, கோவிந்தா" என்று ஏழு வீட்டு வாசலில் நின்று அரிசி வாங்கி வரவேண்டும். அந்த அரிசியில் பொங்கல் வைத்துப் படைக்க வேண்டும். அவரவர் குடியிருக்கிற வீட்டில்தான் தளிகை போடுவது. விருந்தாளியாகப் போன இடத்தில் யாரும் போடுவதில்லை. போன வருஷம்வரை எங்கள் வீட்டுச் சொம்பைக் கமலாதான் தூக்கினாள். "வாத்தியாரம்மா கோவிந்தா போட்டுக்கினு வர்றாங்கன்னு என் கிளாஸ் புள்ளைங்க சிரிக்கிதும்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

"இந்த வருசம் நான் தூக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். ஐம்பத்தெட்டு வயசு. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கொடுக்கிற மனுஷர். அவர் சொம்போடு தெருவில் நிற்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. தளிகையே வேண்டாம், இந்த வருஷம் மலைக்கே போய்ப் பெருமாளைப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

மலை ஒரு சாக்கு. நிஜமான காரியம் சித்தூரில். எழுதிக் கொடுத்ததை மாற்ற விரும்புகிறவர்கள் அடுத்த மாசத்துக்குள் மனு கொடுத்தால் மெட்ராஸ் பக்கம் வரலாம் என்று கேள்விப்பட்டிருந்தோம். வீட்டுக்காரர் உட்கார்ந்து அழகாக ஒரு மனு எழுதினார். கமலா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வியாழக்கிழமை சித்தூர் போய்க் கையெழுத்து வாங்குவது, அங்கிருந்து திருப்பதி, மலையிலிருந்து நேராக வீடு. இப்படித் திட்டம்.

எதிர்வீட்டு ராஜம்மா லட்டு வாங்கி வரச் சொன்னாள். கூடவே புத்தியும் சொன்னாள். "மலைக்குப் போய்ட்டு நேரா ஊட்டுக்கு வந்துடணும், தெரிமா? வழியில யாரு ஊட்லயும் கால வெக்காத. வாங்கின புண்ணியத்த அங்கயே உட்டுட்டு வந்துடுவ." இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான். அதனால்தான் சித்தூரை முதலில் வைத்தோம்.

வியாழக்கிழமை காலையில் பஸ்ஸுக்கு நின்றால் பஸ் வரவில்லை. ராத்திரி மேற்கே மழை. ஆற்றில் தண்ணீர் வந்து சித்தூர் பஸ் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது என்றார்கள். எப்போது வடியும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். அதற்குள் நகரி பஸ் வந்து நின்றது. வீட்டுக்காரர் கூடையைத் தூக்கி அதில் போட்டுவிட்டார்.

"சுத்தி வர்ற வழிதான. மலைக்கு மொதல்ல போனா இன்னா, சித்தூருக்கு மொதல்ல போனா இன்னா?"

அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே ராஜம்மா ஞாபகம் வரவில்லை.

எல்லை தாண்டும்போது ஏதாவது தெரியுமா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் ஒரு எருமை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கரும்பும் இந்தப் பக்கத்துக் கரும்பும் ஒரே உயரம். நகரியில் இறங்கிப் பார்த்தால் எப்போதும் துணி எடுக்கிற கடைக்காரர் அதே கல்லாவில் உட்கார்ந்து, "இன்னாம்மா, மெட்ராஸ்லேருந்து வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

ரயில் ஏறின பிறகுதான் கூடையிலிருந்து வாசனை வந்தது. கமலாவுக்காக நான் எடுத்துவந்த மாங்காய் ஊறுகாய் ஜாடியின் மூடி பஸ் குலுங்கலில் கழன்றுவிட்டது. முறுக்கு, பருப்புப்பொடி, அவளுக்குத் தைத்த ரவிக்கை எல்லாம் தப்பித்தன. எண்ணெய் போய் நின்ற இடம் மனு. வீட்டுக்காரர் அதைப் பிரித்துப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எழுத்து தெரிந்தது, ஆனால் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"இத எந்த ஆபீசர் கையில குடுக்கறது? மோந்து பாத்துட்டு சோறு கேப்பான்."

எதிரே உட்கார்ந்திருந்த புத்தூர்க்காரர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எங்கே என்று விசாரித்தார். சொன்னோம். "திருத்தணி முருகனை நீங்க எடுத்துக்கினு போய்ட்டீங்க, பெருமாள் எங்ககிட்ட இருக்கார். மாமனையும் மருமகனையும் பிரிச்சாச்சு. இனிமே யாரு யாரு வீட்டுக்குப் போறது?" என்று தெலுங்கில் சொன்னார். அவர் பெண்சாதி என்னிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். மூன்று என்றேன். இப்போது வீட்டில் யார் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். உச்சுக்கொட்டிவிட்டுத் தன் மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்குத் துக்கம் விசாரிப்பதுபோல அது எனக்குப் பட்டது. பழம் நன்றாகத்தான் இருந்தது.

ரேணிகுண்டாவில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். அங்கே மந்தார இலையில் இட்லி வைத்துக் காரச் சட்டினியை மேலே ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆந்திரா வந்துவிட்டது என்று எனக்கு முதலில் தெரிந்தது அப்போதுதான். வீட்டுக்காரர் இன்னும் இரண்டு இட்லி வாங்கித் தின்றார்.

திருப்பதியில் இறங்கியதும் கமலாவுக்குச் சொல்லிவிட வேண்டுமே என்று தந்தி ஆபீசுக்குப் போனோம். தந்தி என்றாலே யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். பெண் பயந்துவிடுவாள் என்று வீட்டுக்காரர் யோசித்து யோசித்து எழுதினார். "எல்லோரும் சுகம். சனிக்கிழமை திருப்பதி ரயிலில் வருகிறோம்." சுகம் முதலில் வர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை மலைக்குப் போனோம். நடந்துதான் ஏற வேண்டும் என்றார் வீட்டுக்காரர். என் முழங்கால் வேண்டாம் என்றது. பஸ்ஸில் ஏறினோம். பாதி வளைவில் என்ஜின் கொதித்துப்போய் நின்றது. டிரைவர் இறங்கி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். எல்லாரும் இறங்கிக் கோவிந்தா சொன்னோம். கீழே திருப்பதி ஊர் மழையில் நனைந்துகொண்டிருந்தது, எங்களுக்கு வெயில் அடித்தது. அரை மணி கழித்து என்ஜின் ஆறியது.

சத்திரத்தில் எங்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு பெரிய குடும்பம். ஆறு பிள்ளைகள், ஆறு பேருக்கும் அன்றைக்குத்தான் மொட்டை. எது எது என்று தெரியாமல் தாய்க்காரி தலையைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று குறைந்தது. அலறினாள். குறைந்த பிள்ளை எங்கள் அறையில் வந்து என் முறுக்கைத் தின்றுகொண்டிருந்தது. கொண்டுபோய் விட்டேன். "உயிர வாங்குதுங்கம்மா, எப்பத்தான் பெருசாவுமோ" என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டாள். எனக்கு ஏதோ வாய்வரை வந்தது. சொல்லாமல் இன்னும் நாலு முறுக்கு கொடுத்தனுப்பினேன்.

சாயந்திரம் முழுக்க வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து மனுவை மறுபடி எழுதினார். பழைய காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு எழுத்து மாறாமல் எழுதினார். நான் தொன்னையில் புளியோதரை வாங்கி வந்து வைத்தேன். கையில் எண்ணெய் படும் என்று எழுதி முடிக்கும்வரை தொடவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் குளத்தில் முழுகி, முதலில் வராக சாமியைக் கும்பிட்டு, பிறகு பெருமாள் வரிசையில் நின்றோம். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். வரிசையில் நின்ற நேரமெல்லாம் நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் பெண் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். கர்ப்பகிரகத்துக்கு முன்னால் போனதும் ஒரு வெளிச்சம், பெரிய நாமம், மார்பு நிறையப் பூ. எனக்கு எல்லாம் மறந்துபோனது. "கமலா நல்லா இருக்கணும்" என்று மட்டும் வாயில் வந்தது. அதற்குள் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று யாரோ தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "கேட்டியா?"

"கேட்டேன்."

"சரியாக் கேட்டியா?"

"கேட்டேங்கறேன் இல்ல" என்று எரிந்து விழுந்தேன். பெருமாள் சந்நிதி வாசலிலேயே பொய் சொன்னவள் நான்.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் சின்ன ரயில். மடியில் லட்டுப் பொட்டலம். பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. பன் வாங்கித் தின்றோம். வண்டி நகர்ந்தபோது வீட்டுக்காரர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மலைக்குப் போய்ட்டு இன்னொருத்தர் ஊட்டுக்குப் போறமே."

எனக்குச் சுருக்கென்றது. ராஜம்மா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள். "பெத்த பொண்ணு ஊடு இன்னொருத்தர் ஊடா?" என்றேன்.

"வாடக ஊடு. கூட இன்னொரு டீச்சர் கீது. பொண்ணு சோறாக்கித் துன்னா அது நம்ம ஊடு ஆயிடுமா? நம்ம ஊடு அங்க கீது." அவரே வழியும் சொன்னார். "டேசன்லயே ஒக்காந்துக்கலாம். கையெழுத்த அங்கயே வாங்கிடலாம். ஆத்துத் தண்ணி இன்னேரம் வடிஞ்சிருக்கும், சாயந்திரம் பஸ் கீது."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. எட்டு மாசமாக என் நெஞ்சில் கிடந்ததற்கு ஒரு ஞாயம் கிடைத்துவிட்டது. உன் வீடு இதில்லை என்று நான் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சாமி காரியமே அதைச் சொல்லிவிடும்.

சித்தூரில் வண்டி நின்றபோது மூன்று மணி இருக்கும். கமலா கையில் குடையோடு நின்றிருந்தாள். இளைத்துப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இளைக்கவில்லை. அதுகூட எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.

"வா நைனா. குடும்மா கூடைய. ஊடு கிட்டத்தான், நடந்தே போய்டலாம்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

"நைனா சொல்றது சரிதான். மலையிலேருந்து நேரா நம்ம ஊட்டுக்குத்தான் போவணும்."

"அப்ப நான் இருக்கறது யாரு ஊடு?"

என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். நம் வீடு என்றால் பிறகு எந்த வாயால் மனுவை நீட்டுவது? அடுத்தவர் வீடு என்றால் எதிரே நிற்கிறவள் யார்?

அவள் குடையின் கம்பியைத் திருப்பினாள். "ரெண்டு பேரும் இன்னா துன்னீங்க?"

"பன்னு" என்றார் அவர்.

"இங்கயே ஒக்காருங்க. வந்துடறேன்."

போய்விட்டாள். மழை தூற ஆரம்பித்தது. பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் கூடை. வீட்டுக்காரர் மனுவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். எதிரே ஒரு கூலிக்காரர் படுத்திருந்தார். நாங்கள் போக்கிடம் இல்லாதவர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, "சத்திரம் வேணுமாம்மா?" என்று கேட்டார். பெற்ற பெண் இருக்கிற ஊரில் என்னைப் பார்த்து ஒருவர் சத்திரம் வேண்டுமா என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அரை மணியில் கமலா டிபன் கேரியரோடு வந்தாள். பின்னால் இலைக்கட்டோடு இன்னொரு பெண். கூடத் தங்கியிருக்கும் ரத்னம்மா, மதனப்பள்ளிக்காரி, தெலுங்கு டீச்சர். கமலாவின் இன்னொரு கையில் ஒரு சொம்பு. சொம்பில் நாமம் போட்டிருந்தது. நாமம் கொஞ்சம் கோணல். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு நாமம் நேராக வராது.

பெஞ்சில் இலையைப் போட்டாள். கேரியரைத் திறந்தாள். சர்க்கரைப் பொங்கல், வடை, கொண்டைக்கடலைச் சுண்டல். எங்கள் வீட்டில் என்ன வரிசையில் வைப்பேனோ அதே வரிசையில் வைத்தாள். சொம்பிலிருந்து துளசித் தண்ணீரை என் உள்ளங்கையில் விட்டாள்.

"தளிகையா?" என்றேன்.

"ஆமாம்மா. இன்னிக்கி சனிக்கிழம இல்ல."

"எங்க போட்ட?"

"ஊட்லதான்."

"அரிசி?"

"தெருவுல வாங்கினேன். ஏழு ஊடு."

ரத்னம்மா சிரித்துக்கொண்டே தெலுங்கில் ஆரம்பித்தாள். முதல் வீட்டு வாசலில் கமலாவுக்கு வாயே திறக்கவில்லையாம். இவள்தான் கோவிந்தா போட்டாளாம். மூன்றாவது வீட்டுக்கு மேல் கமலா தொண்டை திறந்து, தெருக்கோடிவரை கேட்டதாம். ஐந்தாவது வீடு ஒரு சாயபு வீடு, அந்த அம்மா அரிசியோடு ஒரு அச்சு வெல்லமும் போட்டார்களாம். "இந்தப் பொங்கல்ல இருக்கறது அவங்க வெல்லம்" என்றாள் ரத்னம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வருஷம் தளிகை இல்லை. முப்பது வருஷமாக எரிந்த அடுப்பை அணைத்துவிட்டுப் பெருமாளைத் தேடி மலைக்குப் போனேன். இவள் தெரியாத தெருவில் ஏழு வாசலில் நின்று அரிசி வாங்கி, அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறாள். அந்தச் சோற்றை நான் ஸ்டேஷன் பெஞ்சில் வாங்கித் தின்னப் போகிறேன்.

எழுந்துவிட்டேன். "மூடு எல்லாத்தையும். தளிகைய டேசன்ல வெச்சா துன்னுவாங்க?"

"மலைக்குப் போய்ட்டு..." என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர்.

"தளிகை போட்ட ஊடு அடுத்தவங்க ஊடா? கட்டுப்பாடு தெரிஞ்ச மனுசந்தான நீங்க? சொல்லுங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். யோசிக்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசியில், "அடுத்தவங்க ஊடு இல்ல. குடியிருக்கற ஊட்லதான் தளிகை போடுவாங்க" என்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தார்.

ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கம் முருங்கை. வாசலில் கோலம் மழையில் பாதி கரைந்திருந்தது. உள்ளே போனதும் மலைப் பிரசாதத்தை வேறெங்கும் வைக்காமல் அவள் சாமி மாடத்தில் வைத்தேன். அகல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பொங்கலில் நெய் கொஞ்சம் குறைவு. சொல்லவில்லை. "உப்பு போதுமா, காரம் போதுமா" என்று எங்கள் இலைக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உட்காரடி என்று சொன்னாலும் உட்காரவில்லை. எங்கள் வீட்டில் பரிமாறும்போது நானும் உட்கார மாட்டேன், அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது கேட்டேன்.

"ஏண்டி, இங்கயே இருக்கறன்னு ஏன் எழுதிக் குடுத்த?"

கை நின்றது. "இங்க தமிழ் கிளாசுக்கு நான் ஒருத்திதாம்மா. நாப்பது புள்ளைங்க. மத்த தமிழ் வாத்தியாருங்கல்லாம் அந்தப் பக்கம் எழுதிட்டாங்க. நானும் போய்ட்டா கிளாச மூடிடுவாங்கன்னு பயமா இருந்திச்சி." மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "அது மட்டும் இல்ல. எனக்கு இங்க புடிச்சிருக்கும்மா. சொன்னா நீ அழுவ. அதான் சொல்லல."

"இப்ப மட்டும் அழலியா?"

"அழுதுக்கினுதான கீற" என்று சொல்லி என் கண்ணைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். எண்ணெய்க் கை பட்டு இன்னும் எரிந்தது.

அவள் பள்ளியில் இருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பதினொரு தமிழ்ப் புத்தகம்தான் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. இதைக் கேட்டதும் வாசலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் உள்ளே வந்தார். மேலிடத்துக்கு எழுதினீர்களா, யாருக்கு எழுதினீர்கள், எந்த மொழியில் எழுதினீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்தார். யாரும் எழுதவில்லை. அவருக்குத் தாங்குமா? பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் புத்தகம் கேட்டுத் தெலுங்கில் ஒரு மனுவுக்கு வரைவு எழுத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன். மலையில் உட்கார்ந்து எழுதின மனுவின் பின்பக்கம் அது.

"எண்ண பட்டது இன்னொண்ணு கீது" என்றேன்.

"அதுல மசி பிடிக்காது" என்று தலையைத் தூக்காமல் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் ஆற்றுத் தண்ணீர் வடிந்துவிட்டது, பள்ளிப்பட்டு பஸ் ஓடுகிறது என்றார்கள். கமலா பள்ளிக்கூடம் போகிற வழியில் எங்களை ஏற்றிவிட்டாள். நான் கொண்டுபோன கூடையில் ரத்னம்மா போட்ட கோங்குரா ஊறுகாய் ஜாடியை வைத்து, மூடிமேல் துணி கட்டி, அதன்மேல் கயிறும் கட்டியிருந்தாள். பஸ் புறப்பட்டபோது எங்கள் பக்கம் கை ஆட்டிவிட்டுத் திரும்பி வேகமாக நடந்தாள். மணி அடிக்கும் நேரம். நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன். நெஞ்சு வலித்தது. ஆனால் தை மாதம் அவள் போனபோது வலித்த வலி இல்லை.

வழியில் எல்லைப் பலகை எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

வீட்டைத் திறந்ததும் ஒரு மூடின வாசனை. ஜன்னலைத் திறந்தேன். முகம் கழுவிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போனால் வழக்கம்போல நெற்றி. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"இந்த ஆணிய ஒரு சாண் கீழ அடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துவந்தார். மேலே பழைய ஓட்டை அப்படியே இருந்தது. வந்தால் அவள் குனிந்து பார்த்துக்கொள்ளட்டும். பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போதே லட்டுக்காக ராஜம்மா வந்துவிட்டாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"சனிக்கெழமையே சாமி பாத்திருப்பீங்களே. இன்னிக்கி திங்க. வழியில யாரு ஊட்லயும் நொழையலியே? நேரா ஊட்டுக்குத்தான?"

"நேரா ஊட்டுக்குத்தான் போனோம்" என்றேன். "அங்க ரெண்டு நாள் இருந்துட்டு இங்க வந்தோம்."